ஒரு சொல்லை அகற்றிய பாப்பரசர்

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஊவாவின் தோட்டங்களில் அசாதாரணமான ஓர் அமைதி நிலவும். பசறை, தெமோதரை, அப்புத்தளை, லுணுகலைப் பகுதிகளின் லயங்களிலிருந்து குடும்பங்கள் மலைப்பாதைகளில் இறங்கி வந்து ஆலயங்களில் கூடுகின்றன. பீடத்தில் விரிப்பு இல்லை; பூ இல்லை; மணியோசையும் இல்லை. புனித யோவான் எழுதிய திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகிறது. அந்த நீண்ட வாசகத்தில் யூதர்கள் என்னும் சொல் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

வழிபாடு முடிந்து வீடு திரும்பும் வழியில், ஒரு பிள்ளை தன் தாயைப் பார்த்து யூதர்கள் ஏன் இவ்வளவு கெட்டவர்கள் என்று கேட்கலாம். அந்தப் பிள்ளை வாழ்நாளில் ஒரு யூதரைக் கண்டதில்லை. பதுளையிலோ பண்டாரவளையிலோ யூதச் செபக்கூடம் எதுவும் இல்லை. இருந்தும், ஒருபோதும் கண்டிராத ஒரு மக்களைப்பற்றி அதன் உள்ளத்தில் ஒரு தீர்ப்பு பதிந்துவிட்டது. எவரும் தீய நோக்கத்தோடு அதைப் புகட்டவில்லை. குருவானவர் இயேசுவின் அன்பைப்பற்றித்தான் மறையுரை ஆற்றினார். தாயும் பக்தியோடுதான் சிலுவையை முத்தி செய்தார். நோக்கம் தூயதாய் இருக்க, சொல் வேறொன்றை விதைத்துவிட்டது.

இப்படித் தெரியாமல் விதைக்கப்படும் வெறுப்பைத் திருச்சபையின் செபத்திலிருந்தும் போதனையிலிருந்தும் களைவதற்குத் தம் முதுமையின் கடைசி ஆண்டுகளைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவரே புனித பாப்பரசர் 23ஆம் அருளப்பர். 23ஆம் யோவான் என்றும் இன்று அவரை அழைக்கின்றோம்.

1881ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி, இத்தாலியின் வடபகுதியில் பெர்கமோ நகருக்கு அண்மையிலுள்ள சொத்தோ இல் மோந்தே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். மலையடிவாரம் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். பிறந்த அன்றே திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு அஞ்சலோ யுசெப்பே ரொன்கல்லி என்று பெயரிட்டார்கள். யுசெப்பே என்பது நாம் சூசை என்றும் யோசேப்பு என்றும் அழைக்கும் அதே பெயர். இந்தப் பெயர் பின்னாளில் அவர் வாழ்வில் ஒரு முக்கிய வேளையில் பயன்படப்போகிறது.

அவருடைய பெற்றோர் வாரக் குடியானவர்கள். உழுத நிலம் அவர்களுடையதன்று. விளைச்சலில் பாதி நில உடைமையாளருக்குச் சேரவேண்டும். பிள்ளைகள் நிறைந்த அந்த வீட்டில் உணவு எளியது, உழைப்பு கடினமானது. தான் பாடுபடும் மண் தனக்குச் சொந்தமில்லை என்பதன் பொருளை மலையகத்தின் வாசகர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அந்த வறுமையைப்பற்றி அவர் வாழ்நாளில் ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை. பாப்பரசரான பின்பும் அவருடைய சகோதரர்கள் அதே ஊரில் மண்ணோடு போராடும் உழவர்களாகவே இருந்தார்கள்.

1904ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி உரோமையில் அவர் குருவாக அருட்பொழிவு பெற்றார். அடுத்த ஆண்டு பெர்கமோ மறைமாவட்டத்தின் புதிய ஆயர் ரதீனி தெதெஸ்கி அவரைத் தம் செயலாளராகச் சேர்த்துக்கொண்டார். ஏழைத் தொழிலாளரின் பக்கம் நின்றவர் அந்த ஆயர். 1909இல் ரானிக்கா என்னும் இடத்து நெசவாலைத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, ஆயர் அவர்களுக்கு வெளிப்படையாக ஆதரவளித்தார். செல்வர்கள் முகஞ்சுளித்தார்கள். இளம் குருவான ரொன்கல்லி தம் ஆயரோடு உறுதியாக நின்றார். கூட்டமாகக் காணப்படும் மக்களுக்குள் தனித்தனி முகங்களைக் காண அங்கேதான் அவர் பழகினார் எனலாம். முதலாம் உலகப் போரில் மருத்துவப் பிரிவின் சார்ஜன்டாகவும் பின்னர் ஆன்ம குருவாகவும் பணியாற்றிய காலம் அந்தப் பழக்கத்தை ஆழப்படுத்தியது.

1925இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டுப் பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டார். கீழ்ப்படிதலும் சமாதானமும் என்பது அவர் தெரிந்துகொண்ட விருதுவாக்கு. கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினராக வாழ்ந்த நாடு அது. அங்கே பத்தாண்டுகள். பின்பு 1935 முதல் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் பாப்பரசரின் பிரதிநிதியாக இஸ்தான்புல் நகரில் பணி. இவ்வாறு ஏறக்குறைய இருபது ஆண்டுகள், ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியருக்கும் யூதருக்கும் நடுவில் சிறுபான்மையினரான கத்தோலிக்கரின் மேய்ப்பராக அவர் வாழ்ந்தார். முத்தியங்கனை விகாரையின் பிரித் ஓதலும் கோவில் மணியும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் ஒரே காலையில் கேட்கும் பதுளை நகரில் அவரைக் கொண்டுவந்து விட்டிருந்தால், அவர் அதை அந்நிய இடமாக உணர்ந்திருக்கமாட்டார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாசிகள் ஐரோப்பாவின் யூதர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். தப்பியவர்களுக்கு இஸ்தான்புல் ஒரு வாசலாயிற்று. யூத அமைப்புகளின் பிரதிநிதிகள் ரொன்கல்லி ஆண்டகையின் கதவைத் தட்டினார்கள். அவர் அவர்களைக் காக்கவைக்கவில்லை. தாம் முன்பு பணியாற்றிய பல்கேரியாவின் மன்னர் போரிசுக்கு 1943இல் யூதர்களுக்காகப் பரிந்து கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்துக்குள் செல்வதற்கான அனுமதிச் சான்றுகளை ஹங்கேரியிலிருந்த பாப்பரசரின் தூதுவருக்கு அனுப்பிவைத்தார். ஒரு கடிதம், ஒரு முத்திரை, ஒரு சான்றிதழ் என்று அலுவலக மேசையின் சாதாரணப் பொருட்களே உயிர்களைக் காக்கும் கருவிகளாயின.

போர் முடிந்தபோது ஏறக்குறைய 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். நாசிக் கொள்கை கிறிஸ்துவின் நற்செய்தியிலிருந்து பிறந்ததன்று. அது நற்செய்திக்கே பகையானது. ஆனால் அந்தக் கொலைகள் நிகழ்ந்த நாடுகள் பல நூற்றாண்டுகளாகத் திருமுழுக்குப் பெற்ற நாடுகள். அண்டை வீட்டார் இழுத்துச் செல்லப்பட்டபோது எத்தனையோ கிறிஸ்தவர்கள் வாளாவிருந்தார்கள். கடவுளைக் கொன்ற இனம், சபிக்கப்பட்ட இனம் என்று தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த சொற்கள் அவர்களுடைய மனச்சான்றை மழுங்கச் செய்திருந்தன. இடைக்கால ஐரோப்பாவில் புனித வாரம் யூதக் குடும்பங்களுக்கு அச்சத்தின் வாரமாய் இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

1944இன் இறுதியில் ரொன்கல்லி பிரான்சுக்குத் தூதுவராக நியமிக்கப்பட்டார். 1953இல் கர்தினாலாகி வெனிஸ் நகரின் மறைமுதுவரானார். 1958 அக்டோபர் 28ஆம் திகதி, 77 வயதை எட்ட ஒரு மாதமே இருந்தபோது, பாப்பரசராகத் தெரிவுசெய்யப்பட்டார். முதியவர், சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போவார் என்றே பலரும் எண்ணினார்கள். ஆண்டுகள் சிலவே என்பது உண்மையாயிற்று. சும்மா இருந்துவிட்டுப் போவார் என்பதுதான் பொய்த்தது.

பதவியேற்று ஐந்து மாதங்களில் அவருடைய முதல் பெரிய வெள்ளி வந்தது. 1959 மார்ச் 27. அன்றைய வழிபாட்டில் திருச்சபைக்காகவும், ஆட்சியாளருக்காகவும், துன்புறுவோருக்காகவும் வரிசையாக மன்றாடுகிறோம். அந்த வரிசையில் யூதர்களுக்கான மன்றாட்டும் உண்டு. அதன் இலத்தீன் வாசகத்தில் யூதர் என்னும் சொல்லுக்கு முன்னால் பெர்ஃபிதிஸ் என்றோர் அடைமொழி பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தது.

இச்சொல்லின் கதை நமக்கு ஒரு பாடம். பழைய திருச்சபை இலத்தீனில் அதற்கு விசுவாசம் கொள்ளாதவர் என்றே பொருள் என அறிஞர் கூறுவர். ஆனால் அதே சொல்லின் வழிவந்த இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களுக்கு நம்பிக்கைத் துரோகி, வஞ்சகன் என்பது பொருளாகிவிட்டது. நம் மொழியிலும் இதற்கு உதாரணம் உண்டு. நாற்றம் என்றால் பழந்தமிழில் நறுமணம். இன்று பூமாலை சூடிய ஒருவரிடம் போய் அச்சொல்லைச் சொன்னால் என்ன ஆகும்? அகராதியைக் காட்டிப் பழம்பொருள் கூறினாலும் அவருடைய மனப்புண் ஆறாது. சொல்லுகிறவரின் நோக்கம் ஒன்று. கேட்பவரின் காதில் விழுவது மற்றொன்று. மன்றாட்டைச் சொன்ன குருக்கள் வெறுப்போடு சொல்லியிருக்கமாட்டார்கள். கேட்ட மக்களோ யூதர் எல்லாரும் வஞ்சகர் என்றே விளங்கிக்கொண்டார்கள்.

மற்ற மன்றாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் முழந்தாட்படியிடும் மக்கள், இந்த ஒரு மன்றாட்டுக்கு மட்டும் முழந்தாட்படியிடாத வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1955இல் புனித வார வழிபாட்டைச் சீரமைத்தபோது அந்த வேறுபாட்டை நீக்கினார். எஞ்சியிருந்தது அந்த ஒரு சொல். 23ஆம் அருளப்பர் அதை அகற்றிவிடும்படி பணித்தார். பெரிய விளக்கவுரை எதுவும் இல்லை, விவாதம் எழுப்பவில்லை. பயிரில் களையைக் கண்ட உழவர் குனிந்து அதைப் பிடுங்கி எறிவதுபோல் அவர் செய்தார். பின்னர் அந்த மாற்றம் உலகத் திருச்சபை முழுவதற்கும் உரியதாயிற்று. அவருடைய இறுதிப் பெரிய வெள்ளியான 1963 ஏப்ரல் 12 அன்று, பழக்கத்தினால் அந்தப் பழைய சொல் வழிபாட்டில் மீண்டும் ஒலித்ததாகவும், நோயுற்றிருந்த பாப்பரசர் வழிபாட்டை நிறுத்தி, அம்மன்றாட்டைத் திருத்தமான வடிவில் மீண்டும் சொல்லச் செய்ததாகவும் அவருடைய வரலாற்றில் கூறப்படுகிறது. நாவில் ஊறிவிட்ட சொல் எவ்வளவு எளிதாகத் திரும்பி வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரு சொல்லோடு முடியும் காரியம் இதுவன்று என்பதை அவருக்கு உணர்த்தியவர் யூல் இசாக் என்னும் பிரெஞ்சு யூதர். பள்ளி மாணவருக்கான வரலாற்று நூல்களால் நாடெங்கும் அறியப்பட்ட பேராசிரியர் அவர். போர்க்காலத்தில் அவருடைய மனைவியும் மகளும் நாசிகளால் பிடிக்கப்பட்டு அவுஷ்விற்ஸ் முகாமில் மாண்டார்கள். அந்த முதியவர் பழிவாங்கும் நூலை எழுதவில்லை. நற்செய்தி நூல்களைத் திறந்து வைத்து, அவற்றில் உண்மையாக எழுதியிருப்பது என்ன, மறையுரைகளிலும் மறைக்கல்விப் புத்தகங்களிலும் அவற்றின்மேல் ஏற்றிச் சொல்லப்படுவது என்ன என்று ஆராய்ந்தார். 1948இல் இயேசுவும் இஸ்ராயேலும் என்னும் நூலாக அந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

1960 ஜூன் 13ஆம் திகதி அவர் வத்திக்கானில் பாப்பரசரைச் சந்தித்தார். ஒருவருக்கு வயது 82, மற்றவருக்கு 78. தம் ஆய்வுக் குறிப்புகளைப் பேராசிரியர் சமர்ப்பித்தார். திரெந்துப் பொதுச்சங்கத்தின் பெயரால் 16ஆம் நூற்றாண்டில் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலே, இயேசுவின் சிலுவைச் சாவுக்குக் காரணம் எல்லா மனிதரின் பாவங்களும் என்று போதிப்பதையும், பாவத்தில் உழலும் கிறிஸ்தவரின் குற்றம் அன்றைய யூதரின் குற்றத்திலும் பெரிது என்று அந்நூல் கூறுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். புதுமையான போதனை எதையும் அவர் கேட்கவில்லை. திருச்சபை தன் சொந்தப் போதனைக்கு உண்மையாய் இருக்கவேண்டும் என்பதே அவருடைய வேண்டுதல். விடைபெறும்போது, சிறிதளவு நம்பிக்கையோடு திரும்பலாமா என்று கேட்டார். நம்பிக்கைக்கும் மேலானதைப் பெற உமக்கு உரிமை உண்டு என்ற கருத்தில் பாப்பரசர் மறுமொழி கூறினார். அது வெறும் ஆறுதல் மொழியாகவும் நின்றுவிடவில்லை. மூன்று மாதங்களில், கூடவிருந்த பொதுச்சங்கத்துக்காக யூதர்பற்றிய ஓர் அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பை அவர் கர்தினால் பேயாவிடம் ஒப்படைத்தார்.

அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்க யூதத் தலைவர்கள் அவரைக் காண வந்தார்கள். பழைய ஏற்பாட்டில் எகிப்து நாட்டின் ஆளுநரான யோசேப்பு, தம்மை விற்றுவிட்ட சகோதரருக்குத் தம்மை வெளிப்படுத்தும் நிகழ்ச்சி நம் பிள்ளைகளும் அறிந்த கதை. பாப்பரசர் அந்த யோசேப்பின் சொற்களாலேயே தம்மை அறிமுகப்படுத்தி, நான் உங்கள் சகோதரன் என்று வந்தவர்களை வரவேற்றார். திருமுழுக்கில் தாம் பெற்ற பெயருக்கு அன்று அவர் பொருள் கொடுத்தார். 1962இல் ஒரு சனிக்கிழமை, உரோமையின் யூதச் செபக்கூடத்தின் வழியே சென்றபோது வாகனத்தை நிறுத்தச் செய்து, வழிபாடு முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த மக்களை ஆசீர்வதித்தார். வியப்புற்ற மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

1962 அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. அதன் நிறைவை அவர் காணவில்லை. வயிற்றில் புற்றுநோய் முற்றி, 1963 ஜூன் 3ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். மூன்று மாதங்களின் பின் யூல் இசாக்கும் காலமானார். விதைத்த இருவரும் அறுவடைக்கு இல்லை. ஆனால் பாப்பரசர் 6ஆம் சின்னப்பரின் காலத்தில், 1965 அக்டோபர் 28 அன்று, 2221 ஆதரவு வாக்குகளாலும் 88 எதிர்ப்பு வாக்குகளாலும் கிறிஸ்தவமல்லாச் சமயங்கள்பற்றிய அறிக்கை நிறைவேறியது. 23ஆம் அருளப்பர் பாப்பரசராகத் தெரிவுசெய்யப்பட்ட நாளுக்குச் சரியாக ஏழு ஆண்டுகள்.

இயேசுவின் பாடுகளில் நிகழ்ந்தவற்றுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றிச் சுமத்தவும் முடியாது, இன்றைய யூதர்மீது சுமத்தவும் முடியாது என்று அவ்வறிக்கை போதிக்கிறது. யூதரைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டலாகாது என்றும், மறைக்கல்வியிலும் மறையுரையிலும் இதைக் கவனிக்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. 1985இல் வத்திக்கான் வெளியிட்ட குறிப்புகள், மறையுரையிலும் மறைக்கல்வியிலும் யூதரை எவ்வாறு சரியாக எடுத்துக்காட்டுவது என்று மேலும் விரிவாகக் கூறுகின்றன.

அந்தச் சங்கத்தின் காற்று ஊவாவுக்கும் வந்தது. 1959இல் 23ஆம் அருளப்பரின் காலத்தில் கண்டியின் ஆயரான லியோ நாணயக்கார ஆண்டகை சங்கத்தில் பங்குபற்றியவர். ஊவா அப்போது கண்டி மறைமாவட்டத்தின் பகுதி. 1972 டிசம்பரில் பதுளை மறைமாவட்டம் தனியாக உருவானபோது, பெரிய நகரின் ஆசனத்தை விட்டு இந்தப் புதிய, சிறிய, வறிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராக அவர் வந்தார். 1982இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றினார். கிராமத்தவரோடும் தோட்டத் தொழிலாளரோடும் சேர்ந்து வாழும் குருக்களை உருவாக்கப் பண்டாரவளையில் சேவக செவன இல்லத்தை நிறுவினார். பிறருடைய சமயத்தை இழிவுபடுத்தாமல் தன் விசுவாசத்தை அறிவிக்கலாம் என்பதைப் பௌத்தரும் இந்துக்களும் பெருவாரியாக வாழும் இம்மண்ணில் நமக்குக் கற்றுத்தந்த தலைமுறை அது.

அப்படியிருக்க, இன்று நம் ஆலயத்திலும் வீட்டிலும் எவற்றைக் கவனிக்கவேண்டும்?

முதலாவது, இயேசு யூதர். அவருடைய அன்னை மரியா யூதப் பெண். சூசையப்பரும், பன்னிரு திருத்தூதரும், புனித சின்னப்பரும் யூதர்களே. யோவான் நற்செய்தியில் யூதர்கள் என்று வரும் இடங்களில் பல, இயேசுவை எதிர்த்த எருசலேமின் தலைவர்களையே குறிக்கின்றன. வாசகத்தை நாம் மாற்றவேண்டியதில்லை. ஆனால் மறையுரையில் அதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, சிலுவை உரோமையரின் தண்டனை. தீர்ப்பிட்டவன் உரோமை ஆளுநனாகிய பிலாத்து. பிலாத்துவின் முற்றத்தில் கூச்சலிட்டவர்கள் ஒரு கூட்டத்தினர் மட்டுமே. அதே எருசலேமின் பெண்கள் சிலுவைப்பாதையில் இயேசுவுக்காக அழுதார்கள். அவருடைய உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பும் நிக்கதேமுவும் யூதர்களே. திருப்பாடுகளின் காட்சியை நடிக்கும் நம் இளைஞர்கள் இந்தப் பாத்திரங்களுக்கும் உரிய இடம் கொடுக்கட்டும். கேலிக்கும் பயங்கரத்துக்கும் உரிய உருவங்களாக யூதரைப் புனைவதைத் தவிர்க்கட்டும்.

மூன்றாவது, வெளிவேடக்காரன் என்பதற்குப் பரிசேயன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரவில் இயேசுவைத் தேடி வந்த நிக்கதேமு பரிசேயர். திருத்தூதரைக் கொல்லத் துடித்த சங்கத்தில் அவர்களுக்காகப் பேசிய கமாலியேல் பரிசேயர். ஏரோது கொல்லப் பார்க்கிறான் என்று இயேசுவை எச்சரித்தவர்களும் பரிசேயர் சிலரே. வெளிவேடம் எந்த ஒரு குலத்துக்கும் சொந்தமன்று.

நான்காவது, பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பானவர் என்று பிரிப்பது பெரும் பிழை. அயலானை உன்னைப்போல் நேசிக்கவேண்டும் என்ற கட்டளையை இயேசு லேவியர் ஆகமத்திலிருந்தே எடுத்துரைத்தார். மரியாவின் புகழ்ப்பாடலில் சாமுவேலின் தாய் அன்னாவின் பாடல் எதிரொலிக்கிறது. வேரை வெட்டிவிட்டுக் கிளையைப் போற்ற முடியாது.

ஐந்தாவது, யூதாஸ் என்னும் பெயர். அதுவும் யூதர் என்னும் சொல்லும் ஒலியில் ஒத்திருப்பதால், காட்டிக்கொடுத்தவனின் குற்றம் பிள்ளைகளின் மனத்தில் ஒரு மக்களின் குணமாகிவிடுகிறது. யூதா என்பது அக்காலத்தில் பரவலாக வழங்கிய பெயர். கைவிடப்பட்ட வேளைகளில் நாம் ஓடிச்சென்று மன்றாடும் புனித யூதா ததேயுவும் அதே பெயரைத் தாங்கியவரே. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒருபோதும் மறக்கமாட்டார்கள்.

இன்றைய இஸ்ரேல் அரசின் செயல்களைப்பற்றியும் புனித நாட்டில் ஓடும் இரத்தத்தைப்பற்றியும் நமக்குக் கருத்துகள் இருக்கலாம். பாலஸ்தீனத் தாயின் கண்ணீரும் இஸ்ரேலியத் தாயின் கண்ணீரும் இறைவன் முன் ஒன்றே, இருவருக்காகவும் மன்றாடுவோம். ஓர் அரசைப்பற்றிய நியாயமான விமர்சனம் வேறு. அதை ஒரு மக்கள்மீதும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சிலுவைமீதும் ஏற்றிப் பேசுவது வேறு. நம் நாட்டிலிருந்து முதியோரைப் பராமரிக்கவும் வயல்களில் உழைக்கவும் இஸ்ரேலுக்குச் செல்வோர் உள்ளனர். யூதர் இனியும் நமக்குக் கதையில் மட்டும் வருபவர்கள் அல்லர்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். மற்றெவரையும்விட நமக்கே இது நன்றாக விளங்கவேண்டும். கள்ளத்தோணி என்றொரு சொல் இந்நாட்டில் வழங்கியது. சட்டப்படி அழைத்துவரப்பட்டு, காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டு, இம்மண்ணுக்கே உரமான மக்கள்மீது அச்சொல் ஒட்டப்பட்டது. தோட்டக்காட்டான் என்ற சொல்லைச் சொன்னவர்களுள் தமிழரும் இருந்தார்கள். பலர் பகைமையோடு சொல்லவில்லை. வழக்கம் என்று சொன்னார்கள். ஆனால் அத்தகைய சொற்களால் பழகிப்போன காதுகளுக்கு, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர் ஆக்கியபோது அது அநீதியாகப் படவில்லை. 1964 செப்டெம்பரில் உரோமையில் கர்தினால் பேயா யூதர்பற்றிய அறிக்கையை ஆயர்களின் முன் வைத்தார். அடுத்த மாதம் 30ஆம் திகதி, இரண்டு நாடுகளின் பிரதமர்கள் புதுடில்லியில் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம் மக்களைப் பங்கிட்டார்கள். நமுனுகுலை மலையடியில் ஒரே லயத்தில் வாழ்ந்த உடன்பிறப்புகளும் அவ்வாறு பிரிந்தார்கள். நாடற்ற நிலை நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. 1983 ஜூலை 27 அன்று பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, எரிக்கப்பட்டவர்களில் எவரும் தாம் செய்த குற்றத்துக்காக எரிக்கப்படவில்லை. ஒரு கூட்டத்தின் பெயரைத் தாங்கியிருந்ததற்காகவே எரிக்கப்பட்டார்கள்.

சிலர் செய்ததற்கு எல்லாரும் பொறுப்பு என்னும் அந்தக் கொடிய கணக்கு நம்மைச் சுட்டது. அதே கணக்கைச் சிலுவையின் அடியில் நின்று யூதர்மேல் நாம் போடலாமா? 1983ஐ நினைத்துச் சிங்கள மக்கள் எல்லார்மேலும் போடலாமா? அந்நாட்களில் தமிழ் அயலவரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களையும் நம் பெற்றோர் அறிவார்கள். ஒரு கூட்டத்தைப்பற்றி அலட்சியமாகப் பேசும் நா, அடுத்த கூட்டத்தைப்பற்றியும் அவ்வாறே பேசும். பெரிய வெள்ளியன்று அந்த நாவை நாம் திருத்திக்கொண்டால், ஆண்டு முழுவதற்கும் அது திருந்தும்.

வாரக் குடியானவரின் மகனாகப் பிறந்து, 2014 ஏப்ரல் 27இல் புனிதராக உயர்த்தப்பட்ட 23ஆம் அருளப்பரின் திருநாளை, சங்கம் தொடங்கிய அக்டோபர் 11ஆம் திகதியில் திருச்சபை கொண்டாடுகிறது. யூதருக்காக இன்று பெரிய வெள்ளியில் நாம் செய்யும் மன்றாட்டு, இறைவனின் வார்த்தையை முதலில் கேட்ட மக்கள் என்று அவர்களை மதிப்போடு நினைவுகூருகிறது. அம்மன்றாட்டு வரும்போது கவனத்தோடு முழந்தாட்படியிடுவோம்.

திரும்பும் வழியில் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டால், விடையும் எளியது. இயேசுவைக் கொன்றது ஓர் இனம் அன்று. நம் எல்லாருடைய பாவமே. அவரைப் பெற்றெடுத்து, பாலூட்டி, செபிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு யூதத் தாய். அந்தத் தாயைத்தான் நாம் மாதா என்று அழைக்கின்றோம்.